கைமாறிய சொல் – 6: இரண்டு ஹமில்டன்கள்

சென்ற வாரம் ஓர் இளைஞரை யாழ்ப்பாணத்து மேடையில் ஏற்றிவிட்டு, அவர் வாய் திறப்பதற்குள் ‘தொடரும்’ போட்டுவிட்டேன். 1926 ஜூலை. வயது 27. ஒக்ஸ்போர்ட் படிப்பை முடித்துத் திரும்பிய கையோடு அரசியலில் கால் வைத்தவர். தகப்பனார் மகா முதலியார். ஹொரகொல்லை வளவின் சொந்தக்காரர். மகன் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க, கையில் ஒரே ஒரு சொல்லோடு வடக்கே போயிருந்தார்.

அந்தச் சொல்லைக் கேட்பதற்கு முன் எங்கள் ஹெந்தளைப் பக்கம் ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள். சுற்றுவழிதான். ஆனால் இந்த வாரக் கதைக்குள் நுழைய இதுதான் நல்ல வாசல்.

*

மட்டக்குளிப் பாலத்தைக் கடந்து வந்தால் எங்கள் ஊர். கொட்டாஞ்சேனையில் வாடகை கட்டிக் களைத்தவர்கள், “ஆத்துக்கு அங்கால போனால் ரெண்டு பேர்ச் காணியாவது கூடக் கிடைக்கும்” என்று பாலம் தாண்டி வந்து குடியேறிய ஊர்களில் ஒன்று. நானும் அப்படி வந்தவன்தான். சந்தியிலிருந்து கடற்பக்கமாக நடந்தால் கால்வாய் வந்துவிடும். கரையில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஓர் அந்தோனியார், அவர் காலடியில் உருகி வழிந்த மெழுகுதிரி, கட்டிப்போட்ட வள்ளம், பாசி படர்ந்த தண்ணீர்.

யாரைக் கேட்டாலும் ‘ஒல்லாந்தர் வெட்டின வாய்க்கால்’ என்பார்கள். ஒல்லாந்தர் ஹெந்தளையில் விட்டுப்போனது 1708ஆம் ஆண்டுத் தொழுநோய் மருத்துவமனை. இந்தக் கால்வாயை வெட்டியவர்கள் பிரித்தானியர். முத்துராஜவெலச் சதுப்பில் ஏறிய உப்புநீரை வெளியேற்றவென்று 1802இல் வேலை தொடங்கியது. வருவாய்க்கும் வணிகத்துக்கும் பொறுப்பாயிருந்த அதிகாரி கவின் ஹமில்டனின் பெயரை அதற்கு வைத்தார்கள். வேலை முடிந்தது 1804இல்.

அதே 1804 ஜூலையில், உலகத்தின் மறுகோடியில் இன்னொரு ஹமில்டன் செத்துப்போனார். ஹட்சன் ஆற்றங்கரையில் விடிகாலை நேரத்தில் துப்பாக்கிச் சண்டை. சுட்டவர் ஆரன் பர். அமெரிக்காவின் துணை ஜனாதிபதி, அதுவும் பதவியில் இருக்கும்போதே! குண்டு பட்ட அலெக்சாண்டர் ஹமில்டன் மறுநாள் கண்ணை மூடினார்.

ஒரு ஹமில்டனின் பெயர் எங்கள் தண்ணீரில் ஓடுகிறது. மற்ற ஹமில்டனின் எழுத்து எங்கள் அரசியலில் ஓடுகிறது. இரண்டையும் நான் முடிச்சுப் போடவில்லை. கால்வாயோரம் நடக்கும்போதெல்லாம் இந்தப் பெயர் பொருத்தம் என்னைச் சீண்டுகிறது, அவ்வளவுதான்.

1787இல் பிலடெல்பியாவில் கூடிய பிரதிநிதிகள் பதின்மூன்று மாநிலங்களுக்கும் சேர்த்து ஓர் அரசியலமைப்பை எழுதினார்கள். அதை மாநிலங்கள் ஏற்கவேண்டும். நியூயோர்க் முரண்டு பிடித்தது. ஹமில்டன், ஜேம்ஸ் மடிசன், ஜோன் ஜே மூவரும் ‘பப்ளியஸ்’ என்ற ஒரே புனைபெயரில் ஒளிந்துகொண்டு நியூயோர்க் பத்திரிகைகளில் எழுதத் தொடங்கினார்கள். மொத்தம் 85 கட்டுரைகள். ஆகவே சமஷ்டி பற்றிய உலகப் புகழ்பெற்ற நூலே முதலில் ஒரு பத்திரிகைத் தொடராகத்தான் பிறந்தது. என் தொழிலுக்கு அதில் ஒரு சின்னப் பெருமை.

அந்தத் தொடரில் மடிசன் பிடித்துக்கொண்ட இழை முக்கியமானது. மன்னராட்சியில் ஒருவர் பலரை நசுக்குவார். மக்களாட்சியில் பலர் சேர்ந்து சிலரை நசுக்கலாம். அதுவும் வாக்கெடுத்து, சட்டப்படி. இதற்கு மருந்தென்ன? அதிகாரத்தை ஒரே பெட்டியில் வைக்காதே என்றார். மத்தியில் கொஞ்சம், மாநிலத்தில் கொஞ்சம். ஒவ்வொன்றுக்குள்ளும் மறுபடி பங்கு பிரி. ஒன்று பிழைத்தால் மற்றது பிடித்துக்கொள்ளும்.

ஹமில்டனுக்கு மாநிலங்களின் மேல் பெரிய காதல் கிடையாது. அவருக்கு வேண்டியிருந்தது பலமான மத்திய அரசு. அமெரிக்காவில் ‘பெடரல்’ என்ற சொல் பிரிந்து கிடந்தவர்களை ஒன்றாகக் கட்டும் கயிறாக வந்தது. இலங்கையில் அதே சொல்லைக் கேட்டவர்கள், கட்டை அறுக்கும் கத்தி என்று பயந்தார்கள்.

காரணம் 1833இல் இருக்கிறது. கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்த பிறகும் மலைநாட்டைத் தனியாகத்தான் வெள்ளையர் நிர்வகித்தார்கள். கோல்புரூக் குழு வந்து, கணக்குப் பார்த்து, செலவு கூடுதல் என்று கண்டது. கரையோரத்தையும் கண்டியையும் சேர்த்து ஐந்து மாகாணமாக்கி எல்லாவற்றையும் கொழும்பின் கீழ் கொண்டுவந்தார்கள். வீட்டுக்காரரைக் கேளாமல் வெளியாள் ஒருவன் சுவர்களை இடித்து ஒரே மண்டபமாக்கிவிட்ட கதை இது. அதற்கு 93 வருடம் கழித்து, இந்த மண்டபத்துக்குள் கதவு வைத்த அறைகள் வேண்டும் என்று ஓர் ஆள் எழுந்து நின்றார்.

இனி மேடைக்குப் போவோம்.

*

பண்டாரநாயக்கவும் முதலில் தொடர்தான் எழுதினார். கொழும்பில் வெளிவந்த ‘சிலோன் மோர்னிங் லீடர்’ பத்திரிகையில், 1926 மே முதல் ஜூன் வரை, ஆறு கட்டுரைகள். அடுத்த மாதமே யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸின் அழைப்பில் பேச்சு.

பேச்சின் சாரம் இது. போர்த்துக்கேயர் வந்தபோது இந்தத் தீவில் தமிழர், கரையோரச் சிங்களவர், கண்டிச் சிங்களவர் என்று மூன்று மக்கள் மூன்று ஆட்சிகளின் கீழ் வாழ்ந்தார்கள். ஆங்கிலேயன் எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்த ஒரே மக்களாக நினைத்து ஒரு நிர்வாகத்தைத் தலையில் கட்டிவிட்டான். நாளை அவன் போய்விட்டால் உள்ளே அடங்கிக் கிடக்கும் வேறுபாடுகள் தலைதூக்கும். ஆகவே ஒவ்வொரு மாகாணத்துக்கும் முழுத் தன்னாட்சி வேண்டும். பொதுக் காரியங்களுக்கு மேலே ஒரு சபை போதும். உதாரணத்துக்கு அவர் காட்டிய நாடு சுவிற்சர்லாந்து. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் பேசுகிறவர்கள் ஒரே நாட்டில் வாழவில்லையா? ஆயிரம் ஆட்சேபம் வரும், ஆனால் எல்லாம் அடங்கிய பிறகு மிஞ்சப்போகிற தீர்வு சமஷ்டிதான் என்று முடித்தார்.

சுவிற்சர்லாந்தை அவர் சும்மா எடுக்கவில்லை. 1847 நவம்பரில் அந்த நாட்டின் கன்டன்கள் இரண்டு அணியாகப் பிரிந்து சண்டை போட்டன. ஒரு பக்கம் கத்தோலிக்கக் கன்டன்களின் கூட்டணி; மறுபக்கம் மற்றவர்கள். சண்டை ஒரு மாதத்துக்குள் முடிந்தது. வென்றவர்கள் தோற்றவர்களை மிதிக்கவில்லை. மறு ஆண்டே, 1848இல், ஒரு சமஷ்டி அரசியலமைப்பை எழுதி, பள்ளிக்கூடமும் பொலிஸும் உள்ளூர்க் காரியங்களும் கன்டன்களின் கையிலேயே இருக்கட்டும் என்று விட்டார்கள். வென்ற பெரும்பான்மை தன் கையைத் தானே கட்டிக்கொண்ட அதிசயம் அது.

சமஷ்டி என்றதும் எல்லைக்கோடும் தனிக்கொடியும் கண்ணுக்கு வருகிறவர்களுக்கு ஒரு குழிக் கதை சொல்கிறேன். எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு குழி. மழை பெய்தால் குளம். வெயில் அடித்தால் புழுதி. மனு எழுதிக்கொண்டு போனேன். ஓர் அலுவலகத்தில், இந்த வீதி எங்களுடையதல்ல, மாகாணத்துக்குரியது என்றார்கள். அடுத்த அலுவலகத்தில், இது உள்ளூர் வீதி ஐயா என்றார்கள். மூன்றாவது இடத்தில் இருந்த மனுசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “கொழும்புக்கு எழுதிப் பாருங்களேன்” என்றார். இரண்டு மழைக்காலம் போனது. கடைசியில் சந்தி ஓட்டோக்காரப் பொடியன்கள் உடைந்த செங்கல்லைக் கொட்டி மூடினார்கள்.

இந்தக் குழி யாருடையது? மூடக் காசு யார் கையில்? மூடாவிட்டால் யாரை வாக்கால் வீட்டுக்கு அனுப்பலாம்? கொடியையும் கீதத்தையும் கழித்துப் பார்த்தால் சமஷ்டிச் சிந்தனை கேட்பது இந்த மூன்று கேள்விகளையும்தான். 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் கொண்டுவந்த மாகாண சபைகள் இதற்கு அரைகுறைப் பதில் ஒன்று தந்தன. எங்கள் மேல் மாகாண சபைக்கு நாங்கள் 2014 மார்ச்சில் வாக்களித்தோம். 2019இல் அதன் காலம் முடிந்தது. பிறகு தேர்தலுக்குப் பதிலாக ஆளுநர் ஆட்சியே நீண்டது. இந்தச் சங்கடம் வடக்குக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு ஹெந்தளைக் குழியே சாட்சி.

சரி, 1926இல் யாழ்ப்பாணம் என்ன செய்தது? இன்றைய வாசகருக்கு நம்பக் கடினமாக இருக்கும். சமஷ்டியைக் கையேந்தி வாங்க அங்கே ஆள் இருக்கவில்லை. மாணவர் காங்கிரஸ் பின்னாளில் வாலிபர் காங்கிரஸ் ஆனது. ஹன்டி பேரின்பநாயகம் போன்றோர் அதன் முன்னணியில் நின்றார்கள். 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் கனவு முழுச் சுயராச்சியம். ஒரே இலங்கைத் தேசம். அறை வேண்டுமா என்று சிங்களத் தலைவர் ஒருவர் வந்து கேட்டபோது, மண்டபமே போதும் என்றிருந்தது தமிழ் இளைஞர் கூட்டம்.

சொல்லைப் பிடித்துக்கொண்டவர்கள் வேறு ஆட்கள். 1927இல் டொனமூர் ஆணைக்குழு வந்திறங்கியதும் கண்டியத் தேசிய சபை அதன் முன் போய் நின்றது. தமிழருக்கு வடக்கு கிழக்கு, கண்டியருக்கு மலைநாடு, கரையோரச் சிங்களவருக்கு மற்றது. மூன்றும் சேர்ந்து ஒரு சமஷ்டி. கேட்டவர்கள் சிங்கள பௌத்தப் பிரபுக்கள். அவர்களுடைய பயம் தமிழரைப் பற்றி மட்டும் அன்று. கோப்பிக் காலத்திலிருந்தே மலைநாட்டுக் காணியையும் வியாபாரத்தையும் வளைத்துக்கொண்ட கரையோரச் சிங்களவர்தான் முதல் பயம். வாக்கு எண்ணிக்கையில் நாங்கள் அமுங்கிப்போவோம் என்றார்கள். மடிசன் சொன்ன அதே பயம், கண்டி உடுப்பில்.

ஆணைக்குழு ஏற்கவில்லை. 1931இல் சர்வசன வாக்குரிமையைத் தந்தது, ஏழு நிர்வாகக் குழுக்களைத் தந்தது, சமஷ்டியைத் தரவில்லை. கண்டிப் பிரமுகர்கள் மெல்ல மெல்லக் கொழும்பு அரசியலில் இடம் பிடித்தார்கள். இடம் கிடைத்ததும் கோரிக்கை மங்கிப்போனது.

பண்டாரநாயக்கவுக்கும் அதேதான். 1931இல் அரசாங்க சபை உறுப்பினர். 1936இல் உள்ளூராட்சி மந்திரி. அந்தப் பதவியில் இருந்தபடி மாகாண சபைகள் வேண்டும் என்று சொல்லத்தான் செய்தார். பழைய சொல்லின் வாசனை முழுதும் போய்விடவில்லை. ஆனால் அதே காலத்தில் அவர் கட்டிய அமைப்பின் பெயர் சிங்கள மகா சபை. ‘சமஷ்டி’ சட்டைப்பையின் அடிக்குப் போய்விட்டது.

*

இப்போது சொல் கடல் கடக்கிறது.

1940. ஐரோப்பா எரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நாடும் தனக்குத் தனக்கென்று இறைமை பேசியதால்தான் இருபது வருடத்துக்கு ஒருமுறை சவக்குழி தோண்ட வேண்டியிருக்கிறது என்று இங்கிலாந்தில் ஒரு கூட்டம் வாதாடியது. 1938இல் தொடங்கிய அவர்களுடைய அமைப்பின் பெயர் ‘பெடரல் யூனியன்’. பொருளாதார அறிஞர் லயனல் ரொபின்ஸ், வில்லியம் பெவரிஜ் போன்றவர்கள் அதற்காக எழுதினார்கள், கூடிப் பேசினார்கள். அந்த எழுத்துகள் இத்தாலிவரை போயின. வென்டொடெனே என்ற சின்னத் தீவில் முசோலினி அடைத்து வைத்திருந்த ஆல்தியெரோ ஸ்பினெல்லியும் எர்னெஸ்டோ ரொசியும் அவற்றைப் படித்துவிட்டு, 1941இல் ஐக்கிய ஐரோப்பாவுக்கு ஓர் அறிக்கை எழுதினார்கள். இன்றைய ஐரோப்பிய ஒன்றியம் தன் வம்சாவளியை அந்தத் தீவிலிருந்துதான் எண்ணுகிறது.

அதே 1940இல் கேம்பிரிஜ் பல்கலைக்கழக அச்சகம் ஒரு புத்தகம் வெளியிட்டது. பொருள்: மேற்கு ஐரோப்பாவுக்கு ஒரு சமஷ்டி. வெறும் ஆசை எழுத்தல்ல. இணைப்பாக ஒரு முழு அரசியலமைப்பு வரைவே இருந்தது. எழுதியவர் லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் சட்டம் கற்பித்தவர். அடுத்த வருடம், 1941இல், அவர் கப்பலேறிக் கொழும்பில் இறங்கினார், பல்கலைக்கழகக் கல்லூரியின் அதிபராக. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் உபவேந்தர். பெயர் ஐவர் ஜெனிங்ஸ்.

வாசகர்கள் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். சுதந்திர இலங்கையின் ஒற்றையாட்சி அரசியலமைப்புக்கு முதல் வரைவு எழுதிய பேனாவும் அவருடையதுதான்.

1943இல், போர் முடிந்ததும் புதிய அரசியலமைப்புப் பற்றிப் பார்க்கலாம், நீங்களே ஒரு திட்டம் எழுதுங்கள் என்று லண்டன் சொன்னது. மந்திரிமாருக்குத் தலைமை தாங்கிய டி.எஸ். சேனாநாயக்க, பக்கத்திலிருந்த ஜெனிங்ஸை அழைத்தார். ஒலிவர் குணதிலக்கவும் சேர, 1944இல் ‘மந்திரிமார் வரைவு’ தயாரானது. சோல்பரி ஆணைக்குழு பெரும்பாலும் அதையே எடுத்துக்கொண்டது. சிறுபான்மையினருக்குப் பாதகமான பாரபட்சச் சட்டங்களைத் தடுக்க ஒரு காப்பு இருந்தது. பின்னாளில் 29ஆம் பிரிவு என்று பேர்பெற்றது அதுதான். கன்டன் இல்லை, மாநிலம் இல்லை, மாகாண சபைகூட இல்லை.

ஐரோப்பாவுக்கு அறைகள் வரைந்து கொடுத்தவர் இலங்கைக்கு ஏன் மண்டபம் வரைந்தார்? இரட்டை வேடம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாடிக்கையாளர் சொல்லும் அளவுக்குத்தான் தையற்காரன் துணியை வெட்டுவான். துணி கொண்டுவந்தவர் சேனாநாயக்க. சரி, எதிர்த்தரப்பு என்ன அளவு கேட்டது? அங்கேதான் தமிழ் வாசகருக்கு உறைக்கும் விஷயம் இருக்கிறது. அன்றைய தமிழ்க் குரல் ஜி.ஜி. பொன்னம்பலம். நாவன்மையில் அவரை வெல்ல ஆளில்லை. அவர் கேட்டது ஐம்பதுக்கு ஐம்பது: சபை ஆசனங்களில் பாதி சிங்களவருக்கு, பாதி மற்ற எல்லாருக்கும். மண்டபத்தின் நடுவில் பாதி இடம் கேட்டார். தனி அறை கேட்கவில்லை. சோல்பரி மறுத்தார். கேளாத அறையை யாரும் வரையவுமில்லை.

இந்தத் தையற்காரரின் கதையில் இன்னொரு திருப்பம். 1956இல் மலாயாவுக்கு அரசியலமைப்பு எழுத ரீட் ஆணைக்குழு அமைந்தது. ஐந்து பேரில் ஒருவர் ஜெனிங்ஸ். 1957இல் மலாயா பெற்றது சமஷ்டி அரசியலமைப்பு. முன்னால் ஐரோப்பாவுக்குச் சமஷ்டி, பின்னால் மலாயாவுக்குச் சமஷ்டி, நடுவில் நமக்கு மட்டும் ஒற்றையாட்சி.

அந்த மலாயாவின் ஈப்போவில் 1898இல் பிறந்த ஒரு குழந்தை 1949இல் 51 வயதில், புதுக்கடை நீதிமன்றங்களில் சிவில் வழக்குப் பேசுகிறது. சொல் இனி அவரைத் தேடிப் போகிறது.

*

எஸ்.ஜே.வி. செல்வநாயகத்துக்குப் பொன்னம்பலத்தின் இடிமுழக்கம் கிடையாது. மெல்லிய குரல், மெலிந்த உடம்பு. 1947இல் பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸில் நின்று காங்கேசன்துறையில் வென்றவர். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. தேயிலைக்கும் றப்பருக்கும் முதுகு வளைத்த இலட்சக்கணக்கான மலையகத் தமிழர், கையை உயர்த்திய பெரும்பான்மையால் நாடற்றவர் ஆனார்கள். 29ஆம் பிரிவு என்ற காப்பால் அதைத் தடுக்க முடியவில்லை. அதே வருடம் பொன்னம்பலம் சேனாநாயக்கவின் மந்திரிசபையில் அமர்ந்தார். செல்வநாயகம் வெளியே வந்தார். மண்டபத்தில் பாதி இடம் கிடைத்தாலும் மறு பாதி கையை உயர்த்தினால் என்ன ஆகும் என்று அந்த வழக்கறிஞருக்கு அப்போது விளங்கிவிட்டது.

1949 டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. இடம் மருதானை, அரசாங்க லிகிதர் சேவைச் சங்க மண்டபம். எங்கள் ஹெந்தளையிலிருந்து ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறை எடுத்துத் தங்கி, மாதச் சம்பளம் வந்ததும் ஊருக்கு மணியோடர் அனுப்பும் லிகிதர் உலகத்தின் மண்டபம் அது. இலங்கைத் தமிழரசுக் கட்சி பிறந்தது யாழ்ப்பாணத்தில் என்று நினைக்கிறவர்கள் பலர். பிறந்தது கொழும்பில், சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் தோளோடு தோள் இடிக்கும் மருதானையில்.

அன்று செல்வநாயகம் கேட்டது, தன்னாட்சி உள்ள ஒரு தமிழ் மாகாணம், தன்னாட்சி உள்ள ஒரு சிங்கள மாகாணம், இரண்டுக்கும் பொதுவான ஒரு மத்திய அரசு. 23 வருடத்துக்கு முன் ஹொரகொல்லை இளைஞர் யாழ்ப்பாணத்தில் விட்டுவந்த பொருளை, கொள்ளுப்பிட்டியில் குடியிருந்த தமிழ் வழக்கறிஞர் கொழும்பில் கையில் எடுத்தார்.

பெயரில்தான் ஒரு வினை ஒளிந்திருந்தது. ஆங்கிலத்தில் கட்சியின் பெயர் பெடரல் பார்ட்டி. தமிழிலோ தமிழரசுக் கட்சி. சிங்களக் காதில் ‘அரசு’ விழுந்ததும் ‘தனி நாடு’ என்று எதிரொலித்தது. ‘சமஷ்டி’ என்ற சொல்லையாவது புரிந்துகொண்டார்களா? வடமொழியில் ‘வியஷ்டி’ என்றால் தனித்தனி. ‘சமஷ்டி’ என்றால் எல்லாம் சேர்ந்த மொத்தம். சேர்த்துக் கட்டுவதற்கென்று பிறந்த சொல் பிரிவினையின் மறுபெயராக ஏச்சு வாங்கியது. இந்தச் சொல்லுக்குப் பிரிவினை என்று அர்த்தமா இல்லையா என்று நாட்டின் உயர் நீதிமன்றமே தீர்ப்புச் சொல்ல 2017 ஓகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வழக்கு இந்தத் தொடரின் கடைசி வாரங்களுக்குரியது, இப்போது அவசரப்படவேண்டாம்.

1952 தேர்தலில் தமிழ் வாக்காளரே செல்வநாயகத்தைத் தோற்கடித்தார்கள். சமஷ்டியை யாழ்ப்பாணம் இரண்டாவது தடவையாகவும் திருப்பி அனுப்பியது.

பிறகு 1956 வந்தது. எங்கள் ஊரிலிருந்து ஆற்றோடு மேலே போனால் களனி. அந்த வருடம் பெப்ரவரியில் ஐக்கிய தேசியக் கட்சி அங்கே மாநாடு கூடி, சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. அதே கோஷத்தை இன்னும் உரக்கச் சொன்ன பண்டாரநாயக்க ஏப்ரலில் 51 ஆசனங்களோடு பிரதமரானார். ஜூனில் சட்டம் சபைக்கு வந்தது. காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழ்த் தலைவர்களின் மேல் அடி விழுந்தது. யாழ்ப்பாணத்தின் தயக்கம் அதற்கு முன்பே போய்விட்டிருந்தது. அந்த ஏப்ரலிலேயே தமிழரசுக் கட்சிக்கு 10 ஆசனங்கள் கிடைத்திருந்தன. ஓகஸ்டில் திருகோணமலையில் கூடிய கட்சி, ஒரு வருடத் தவணை கொடுத்தது: 1957 ஓகஸ்ட் 20. அதற்குள் தீர்வு இல்லையேல் போராட்டம்.

தவணை முடிய 25 நாள் இருந்தது. 1957 ஜூலை 26. மேசையின் ஒரு பக்கம் 1926இல் அந்தச் சொல்லை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனவர், இன்று பிரதமர். மறுபக்கம் 1949இல் அதை மருதானையில் எடுத்தவர். இன்று போராட்டத்தின் வாசலில் நிற்பவர். சமஷ்டி என்ற பேச்சுக்கே இடமில்லை என்று பிரதமர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். சொல்லைக் கைவிட மற்றவரும் இப்போதைக்கு இணங்கினார். சொல் போனாலும் பொருள் நின்றது: பிரதேச சபைகள். மக்கள் நேரடியாகத் தெரிவு செய்யும் சபைகள். வடக்குக்கு ஒன்று, கிழக்குக்கு இரண்டோ அதற்கு மேலோ. விரும்பினால் மாகாண எல்லை தாண்டியும் சேரலாம். அவற்றின் கையில் விவசாயம், காணி, குடியேற்றம், கல்வி, சுகாதாரம், கடற்றொழில், தண்ணீர். அந்தப் பட்டியலில் வீதிகளும் இருந்தன. நம்முடைய குழிக்கு அன்றே ஒரு சொந்தக்காரர் கிடைத்திருப்பார்.

இருவரும் கையெழுத்திட்டார்கள்.

மை காய்ந்ததும் எதிர்ப்புக் கிளம்பியது. களனித் தொகுதியை 1956இல் பறிகொடுத்திருந்த ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே.ஆர். ஜயவர்த்தன, ஒப்பந்தத்தைக் கிழிக்கவேண்டும், தலதா மாளிகையில் போய் முறையிடுகிறேன் என்று கண்டிக்குப் பாதயாத்திரை அறிவித்தார். 1957 ஒக்டோபர் தொடக்கத்தில் கூட்டம் களனி ஆற்றைக் கடந்து கண்டி வீதியில் ஏறியது. போகும் வழியெல்லாம் கம்பஹாப் பக்கம். ஹொரகொல்லை இருக்கிற பக்கம், எங்கள் ஹெந்தளையும் இன்று சேர்ந்திருக்கிற பக்கம். நடந்தவர்கள் இம்புல்கொடைக்கு வந்தார்கள்.

பாதை அடைக்கப்பட்டிருந்தது. அந்த ஒப்பந்தத்துக்காகத் தமிழர் யாரும் அங்கே வந்து நிற்கவில்லை. வீதியை மறித்து ஆட்களோடு நின்றவர் ஒரு சிங்கள அரசியல்வாதி. அவர் பெயரின் முடிவிலும் இருந்தது ‘பண்டாரநாயக்க’. ஆனால் அவர் பிரதமர் இல்லை.

யார் அவர்? ஒப்பந்தத்தைக் கிழிக்கப் புறப்பட்ட யாத்திரையை நடுவீதியில் நிறுத்தத் துணிந்த நாட்டில், ஆறே மாதம் கழித்து, அந்த ஒப்பந்தத்தைக் கிழித்த கை யாருடையது?

(தொடரும்)